கூடப்பிறந்தவரே ஏமாற்றிவிட்டால்: கம்பம், போடி, இடுக்கி எல்லைக் குடும்பங்களுக்கான கேள்வி பதில்

வீடு கீழே கம்பத்திலோ கூடலூரிலோ சின்னமனூரிலோ போடியிலோ இருக்கும். ஏலத்தோட்டம் மேலே வண்டன்மேடு, நெடுங்கண்டம், சாந்தன்பாறை பக்கம். குடும்பம் ஒன்று, மாநிலம் இரண்டு, பத்திரம் இரண்டு மொழியில். இப்படிப்பட்ட குடும்பத்தில் மலையில் தங்கி, மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் கையில்தான் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் அவர் நல்லவராகவே இருப்பார். அப்படி இல்லாமல் போகும்போது என்ன செய்வது, எதைச் செய்யக் கூடாது, மனசை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

நேத்துதான் தெரிஞ்சது. அண்ணன் என் பங்கையும் சேர்த்து வித்திருக்கார். இப்ப நான் முதல்ல என்ன செய்யணும்?

இன்று ராத்திரியே ஜீப் பிடித்து மேலே போகாதீர்கள். கோபத்தில் போய் நடக்கும் சண்டையில் ஒரு கைகலப்பு வந்தால், நாளைக்கு ஸ்டேஷனில் எதிராளியாக நிற்பது நீங்கள். ஏமாற்றிய கதை பின்னுக்குப் போய், அடித்த கதை முன்னுக்கு வந்துவிடும்.

முதல் மூன்று நாளைக்கு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், சமாதானக் கடிதம் உட்பட. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட எழுத வேண்டாம், குழுவை விட்டு வெளியேறவும் வேண்டாம். பழைய பேச்சு, குரல் பதிவு, பணம் அனுப்பிய ரசீது எல்லாம் அந்த போனில்தான் இருக்கிறது. எதையும் அழிக்காமல், உரையாடலை ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்க ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அப்போது மூலக் கருவி கைவசம் இருப்பது உதவும்.

பிறகு ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். பத்துப் பேரிடம் சொன்னால் மறுநாள் காலை டீக்கடைக்கு முன்னால் செய்தி அண்ணனுக்குப் போய்விடும், அவர் காகிதத்தை ஒழுங்கு செய்துகொள்வார். சாப்பாட்டை மட்டும் விடாதீர்கள். பசியோடு யோசிக்கும் மனசு எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒரு பக்கமாகவே சாயும்.

இது துரோகம்தானா, இல்லை நான் தப்பா நினைக்கிறேனா? கணக்கு குறையுது, அவ்வளவுதான் தெரியும்.

இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். விளைச்சல் குறைந்ததற்கும் கை வைத்ததற்கும் வித்தியாசம் காகிதத்தில் தெரியும்.

ஏலக்காயில் சுமார் ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், உலர்ந்தால் ஒரு கிலோ காய் வரும். மழைக்காலத்துக் காயில் ஈரம் கூடுதல் என்பதால் கொஞ்சம் முன்பின் ஆகும். ஒரு எடுப்புச் சுற்றில் மட்டும் ஆறு கிலோ ஆனது என்றால் நம்பலாம். சுற்றுக்குச் சுற்று ஏழு கிலோ பச்சைக்கு ஒரு கிலோ என்று நோட்டில் இருந்தால், மிச்சக் காய் வேறு சாக்கில் போயிருக்கிறது. பார்க்க வேண்டியவை மூன்று: எடுப்புக்கூலி கொடுத்த பச்சை எடை, ஸ்டோர் நோட்டில் உலர்ந்த எடை, ஏலத்தில் விற்ற சீட்டில் உள்ள எடை. திருடுகிறவர் விற்ற எடையையும் ஸ்டோர் நோட்டையும் சரிசெய்துவிடுவார். எடுப்புக்கூலியைக் குறைத்து எழுத முடியாது, ஏனென்றால் தொழிலாளிக்குக் கொடுத்த பணம் அது. அதனால் கூலி நோட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

விலைக்கு அவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலத்தின் அன்றாடச் சராசரி விலையை ஸ்பைசஸ் போர்டு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. விற்ற தேதியை வைத்து ஒப்பிடுங்கள்.

அதே சமயம் நியாயமாகவும் இருக்க வேண்டும். 2019இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்ட காய், 2022இல் ஆயிரத்தைச் சுற்றி வந்து நின்றது. 2018 வெள்ளத்திலும் 2024 கோடை வறட்சியிலும் இடுக்கியில் தோட்டம் தோட்டமாகச் செடி போனது. அந்த வருஷங்களில் பணம் வரவில்லை என்பதை வைத்து மட்டும் தம்பியைத் திருடன் ஆக்கிவிடாதீர்கள். தவறாகச் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்ப எடுக்க, தொலைந்த பணத்தை எடுப்பதைவிட அதிகக் காலம் பிடிக்கும்.

மலையாளப் பத்திரம் எனக்கு வாசிக்கத் தெரியாது. எந்தக் காகிதம் என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேரளத்தில் பத்திரத்துக்கு "ஆதாரம்" என்று பேர். நம்மூர் ஆதார் அட்டையோடு குழப்பிக்கொண்டு "ஆதார்தானே கேட்டாங்க, கொடுத்தேன்" என்று மூலப்பத்திரத்தைக் கொடுத்தவர்களும், பத்திரம் கேட்டபோது அட்டையை நீட்டியவர்களும் உண்டு. தீறாதாரம் என்றால் கிரயப் பத்திரம். தனநிச்சயாதாரம் என்றால் செட்டில்மெண்ட். பாக உடம்படி என்றால் பாகப்பிரிவினை. ஒழிமுறி என்றால் நம்மூர் விடுதலைப் பத்திரம், அதாவது "என் பங்கு எனக்கு வேண்டாம்" என்று எழுதிக்கொடுப்பது. முக்தியார் என்றால் பவர், அதாவது உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம். இந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், குடும்பத்துக்குள் நடக்கும் ஏமாற்று பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான் வருகிறது.

"போக்குவரவு" நம்மூர்ப் பட்டா மாறுதல் போன்றது. தண்டப்பேர் எண் (வரிக் கணக்கில் நிலக்காரருக்கு உள்ள எண்), கரம் என்னும் நிலவரி கட்டிய ரசீது இரண்டும் வில்லேஜ் ஆபீஸில் யார் பேரில் இருக்கிறது என்று கேட்கலாம். அது அண்ணன் பேருக்கு மாறியிருந்தால் பயந்துவிடாதீர்கள். வரி ரசீதும் பேர் மாற்றமும் உரிமையைக் கொடுப்பதில்லை. பத்திரம் எப்படி மாறியது என்பதுதான் கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ள வில்லங்கச் சான்று, கேரளத்தில் பாத்யதா சர்ட்டிபிக்கெட். கம்பத்தில் எடுத்த வில்லங்கத்தில் வண்டன்மேட்டு நிலம் வராது. தமிழ்நாட்டுச் சொத்துக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மலைச் சொத்துக்குத் தோட்டம் இருக்கும் பகுதியின் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30 வருஷத்துக்குக் கேளுங்கள். இரண்டிலுமே உயில் வராது, பதிவாகாத ஒப்பந்தமும் வராது. சான்றில் ஏதாவது பத்திர எண் கண்டால் அதன் நகலையும் எடுத்து, குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு மலையாளம் வாசிக்கிறவரிடம் வரி வரியாகப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

தம்பிக்குப் பவர் கொடுத்திருக்கேன். அதை எப்படி நிறுத்துறது?

இந்த எல்லையில் அடிக்கடி தவறு நடக்கும் இடம் இது. நீங்கள் குடியிருப்பது கம்பம் என்பதால் பவரைக் கம்பத்தில் பதிவு செய்திருப்பீர்கள். அதைப் பயன்படுத்துவது மலையில். கம்பத்தில் ரத்துப் பத்திரம் பதிவு செய்துவிட்டு "முடிந்தது" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மலையில் இருக்கும் சப் ரிஜிஸ்ட்ராருக்கு அது தானாகத் தெரியாது. அடுத்த வாரம் பழைய பவரை வைத்தே கிரயம் நடந்துவிடுகிறது.

ரத்து என்பது தெரியவந்தவருக்குத்தான் செல்லும். தம்பிக்குத் தெரிந்த நாளிலிருந்து தம்பிக்கு, வாங்குகிறவருக்குத் தெரிந்த நாளிலிருந்து வாங்குகிறவருக்கு. அதனால் ரத்துப் பத்திரம் பதிவான அன்றே அதன் நகலைத் தம்பிக்கு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். இன்னொரு நகல் சொத்து இருக்கும் கேரள சப் ரிஜிஸ்ட்ராருக்கு, ஒன்று வில்லேஜ் ஆபீஸருக்கு. தோட்டத்தின் பேரில் கடன் வாங்கியிருந்தால் அந்த வங்கிக்கும் ஒன்று. பிறகு ஒரு தமிழ், ஒரு மலையாள நாளிதழில் அறிவிப்பு. செலவு கொஞ்சம் ஆகும். விற்ற பிறகு நடத்தும் கேஸோடு பார்த்தால் அது செலவே இல்லை.

தம்பியிடம் பேசிவிட்டு ரத்து செய்யலாமா என்று கேட்பவர்கள் அதிகம். ரத்து செய்துவிட்டுப் பேசுங்கள்.

படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். "அப்பா பேர்ல இருக்கிறதை மாத்தத்தான்"னு சொன்னாங்க. இப்பப் பார்த்தா ஒழிமுறி. ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது, ஆனால் காலம் ஓடுகிறது. ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு, விஷயம் தெரியவந்த நாளிலிருந்து 3 வருஷம். "தெரியவந்த நாள் எது" என்பதே அந்த வழக்கின் பெரிய சண்டையாக இருக்கும். பத்திரம் பதிவான அன்றே உங்களுக்குத் தெரியும் என்று அவர்கள் சொல்வார்கள். எனவே எப்போது, எப்படித் தெரிந்தது என்பதற்குத் தடயம் வைத்துக்கொள்ளுங்கள்: வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்த ரசீதின் தேதி, நகல் கிடைத்த தேதி.

கையெழுத்துப் போட்ட நாளில் பணம் கை மாறியதா, சாட்சிகள் யார், பத்திரம் எழுதியவர் உங்களுக்கு வாசித்துக்காட்டினாரா, உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்ததா என்பதையெல்லாம் இன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் போனால் உங்களுக்கே நினைவு கலங்கும்.

பாகமே பிரிக்காத சொத்து என்றால் நிலைமை வேறு. ஒருவர் அனுபவித்து வருவதாலேயே மற்றவர் பங்கு போய்விடாது. "உனக்கு இங்கே ஒன்றுமில்லை" என்று வெளிப்படையாக மறுத்து விலக்கினால், அது தெரிந்த நாள் முதல் 12 வருஷக் கணக்கு ஓடும்.

எனக்குப் பங்கே கிடையாது, கல்யாணத்துக்கு நகை போட்டாச்சுன்னு சொல்றாங்க.

நகை போட்டது பங்கை அழிக்காது. இந்துக் குடும்பத்தில் அப்பா தானே சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், அம்மா, மகன், மகள், அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடிருந்தால் அவர், எல்லோருக்கும் சமம். இதில் கேரளம், தமிழ்நாடு என்ற வித்தியாசம் இல்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்பது 2005 திருத்தம். 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையையே 1976 டிசம்பர் 1 முதல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள், அதனால் மலையில் உள்ள பூர்வீக நிலத்துக்கு அங்கத்திய வக்கீலிடம் தனியாகக் கேட்க வேண்டும். பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கு 1986இல் மேரி ராய் வழக்கில் சமபங்கு உறுதியானது. முஸ்லிம் குடும்பத்தில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி.

கேஸ் எந்த ஊர்ல போடணும்? போலீஸ்ல "அது கேரளா மேட்டர்"னு அனுப்பிட்டாங்க.

நிலம் எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக் கோர்ட். ஆனால் பாகப்பிரிவினை வழக்கில் வீடு கம்பத்திலும் தோட்டம் மலையிலும் இருந்தால், இரண்டில் எந்தப் பக்கக் கோர்ட்டிலும் மொத்தத்துக்கும் ஒரே வழக்காகப் போடலாம். உங்களுக்குப் போய்வர எது சௌகரியமோ அதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான பத்திரமும் சாட்சியும் மலையாளத்தில் என்றால் மலைப் பக்கமே நல்லது, மொழிபெயர்ப்புச் செலவு மிஞ்சும்.

போலீஸைப் பொறுத்தவரை, குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம் எழுத்திலேயே சொல்கிறது. வாங்கிப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். மறுத்தால் புகாரை எழுதித் தபாலில் எஸ்பிக்கு அனுப்புங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் போலீஸ் இல்லை. கையெழுத்தைப் போலியாகப் போட்டது, ஆள்மாறாட்டம், ஒப்படைத்த நகையை விற்றது இவை குற்றம். கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை என்பது மட்டும் சிவில். சிவில் விஷயத்தைக் குற்றமாக ஜோடித்துப் போனால், பின்னால் உண்மையான பகுதியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

செலவுக்குப் பயந்தால் 15100க்கு அழையுங்கள், இலவச சட்ட உதவி. பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

பணமாக் கொடுத்தது, செக், அடகு வச்ச நகை இதுக்கெல்லாம்?

கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு 3 வருஷம். அது முடிவதற்குள் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று தேதியோடு கையெழுத்திட்ட ஒரு வரி வாங்கினால் அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம் ஓடும். மச்சானிடம் போய் "கேஸ் போடப்போறேன்" என்று கத்துவதைவிட "கணக்குக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க மச்சான்" என்று கேட்பது எவ்வளவோ மேல்.

செக் திரும்பினால், வங்கிச் சீட்டு கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தபின் 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். "பண்டிகை முடியட்டும்" என்று சொல்லிச் சொல்லியே இந்த 30 நாளைக் கடத்திவிடுவார்கள்.

நகையைத் தெரியாமல் அடகு வைத்திருந்தால் அடகுச் சீட்டு எண்ணைக் கண்டுபிடித்து, நகை உங்களுடையது, ஏலம் விடக் கூடாது என்று அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். நகையோடு எடுத்த கல்யாணப் படம், கடை ரசீது சேர்த்து. உங்கள் பேரில் தெரியாத கடன் இருக்கிறதா என்று கடன் அறிக்கை பாருங்கள், வருஷத்துக்கு ஒருமுறை இலவசம். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது. ஜாமீன் போட்டிருந்தால் வங்கி நேராக உங்களிடமே முழுத் தொகையையும் கேட்கலாம், கட்டிவிட்டு அவரிடம் வசூலிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஏமாந்தது எங்க அம்மா. எழுதிக் கொடுத்த பிறகு மகன் சோறு போடலை.

2007ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு. அம்மா இருக்கும் இடத்திலும் கொடுக்கலாம், மகன் இருக்கும் இடத்திலும் கொடுக்கலாம். வக்கீல் இல்லாமலே போகலாம். "என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, மகன் கவனிக்கவில்லை என்றால் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க முடியும். அந்த வரி பத்திரத்தில் இல்லாதபோதுதான் சிக்கல். இனிமேல் எழுதப்போகிறவர்கள் அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் எழுதாதீர்கள். முதியோர் உதவி எண் 14567.

பெரியவங்க உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம்ங்கிறாங்க. போகலாமா?

போகலாம், வெறுங்கையோடு போகாதீர்கள். எது வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். தொகை, நிலத்தின் சர்வே எண், கெடு தேதி. "நியாயம் வேண்டும்" என்று போனால் நாலு மணி நேரம் பழைய கதை பேசி, கடைசியில் அண்ணன் காலில் தம்பியை விழவைத்து, காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கணக்கு அப்படியே இருக்கும்.

உங்கள் பக்கம் ஒருவர், அவர் பக்கம் ஒருவர், இருவருக்கும் பொதுவான ஒருவர் போதும். இருபது பேர் கூடினால் யாரும் தோற்க விரும்ப மாட்டார்கள். அன்றே கையெழுத்து வேண்டாம், காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் வைத்துப் பாருங்கள். பங்கைப் புதிதாகப் பிரிக்கும் கூர்ச்சீட்டு பதிவாகாமல் கோர்ட்டில் நிற்காது. கோர்ட் சமரச மையமோ லோக் அதாலத்தோ போய் முடித்தால் அது தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை. பேச்சு நடக்கிறது என்பதற்காக மேலே சொன்ன கெடு எதுவும் நிற்காது என்பதையும் மறக்காதீர்கள்.

ராத்திரி தூக்கமே இல்லை. அவர் சிரிச்சது, சாப்பிட வச்சது எல்லாம் திரும்பத் திரும்ப வருது.

வரும். பணம் போனதைவிட இதுதான் அரிக்கும். எந்த நினைவு உண்மை, எது நடிப்பு என்று மனசு பழைய வருஷங்களையெல்லாம் மறுபடி தணிக்கை செய்கிறது. அப்பா சாவுக்கு அழுதாரே, அதுவுமா? பத்து வருஷம் முன்னால் ஆஸ்பத்திரியில் காவல் இருந்தாரே, அதுவுமா? இதற்குப் பதில் கிடைக்காது. ஒரே மனுஷன் உண்மையாகக் காவலும் இருந்திருப்பார், பின்னால் உண்மையாக ஏமாற்றியும் இருப்பார். இரண்டில் ஒன்றைப் பொய்யாக்கினால்தான் நிம்மதி என்று நினைப்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

செய்யக்கூடியது: சாயங்காலம் ஆறு மணி வாக்கில் 20 நிமிஷம் ஒதுக்குங்கள். அப்போது மட்டும் அவரைப் பற்றி யோசிக்கலாம், திட்டலாம், எழுதலாம். எழுதியதை அனுப்ப வேண்டாம். மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால் "ஆறு மணிக்கு" என்று தள்ளிப்போடுங்கள். முதல் வாரம் தோற்கும், இரண்டாவது வாரம் பிடிபடும். படுத்து 20 நிமிஷத்தில் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். படுக்கையில் பத்திர நகலைப் படிக்காதீர்கள். கேஸ் காகிதத்துக்கு ஒரு பை, அந்தப் பை படுக்கை அறைக்குள் வரக் கூடாது. குடித்தால் தூக்கம் வருவதுபோல இருக்கும், மூணு மணிக்கு எழுப்பிவிடும்.

எந்தக் கட்டத்துல டாக்டரைப் பார்க்கணும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் சரியில்லை, வேலையில் கை ஓடவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் பார்த்துவிடுங்கள். மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் மலையாளத்திலும். கேரளத்தில் 1056ம் உண்டு. "செத்துப்போயிடலாம்" என்ற பேச்சு வாயில் வந்துவிட்டால், அவரைத் தனியாக விடாமல் அன்றே கூட்டிப் போங்கள். தோட்ட மருந்து வைத்திருக்கும் அறைச் சாவியைக் கொஞ்ச நாள் வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும். இதை அவரிடமே நேராகச் சொல்லிச் செய்யலாம்.

வீட்டுக்காரர் "உங்க அண்ணன் லட்சணம் தெரிஞ்சதா, அப்பவே சொன்னேன்"னு தினமும் குத்துறார்.

அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது ஜெயித்த ஆள் அல்ல. "நீங்க சொன்னது சரிதான். இப்ப பேங்குக்குக் கூட வர்றீங்களா?" என்று ஒரு வேலையைக் கையில் கொடுத்துப் பாருங்கள். குத்திக்கொண்டே இருப்பவர்களில் பாதிப் பேர், என்ன செய்வது என்று தெரியாமல்தான் குத்துகிறார்கள்.

அம்மா "நான் கண்ணை மூடுற வரைக்குமாவது பொறுத்துக்கோ"ங்கிறாங்க.

அம்மாவைச் சாட்சிக்கும் கூப்பிடாதீர்கள், தீர்ப்புக்கும் கூப்பிடாதீர்கள். அவருக்கு இரண்டும் பிள்ளை. "உங்க முன்னாடி இதைப் பேச மாட்டேன்மா. அண்ணன் வர்ற நாள் சொல்லுங்க, நான் வேற நாள் வர்றேன்" என்றால் போதும். ஆனால் அம்மாவுக்காக மூன்று வருஷக் கெடுவைத் தாண்டவிடாதீர்கள். அதன்பின் உங்களால் அம்மாவையும் மன்னிக்க முடியாது. அம்மா பேரிலும் சொத்து இருந்தால், அவரை யார் எங்கே கையெழுத்துக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று கவனமாக இருங்கள்.

பிள்ளைங்க அண்ணன் பிள்ளைங்களோட பேசலாமா?

பேசட்டும். அவர்களுக்கு வயசுக்கேற்ற ஒரே வரி: "பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் தோட்டத்து விஷயமா ஒரு பிரச்சினை, பெரியவங்க பார்த்துக்குறோம்." பிள்ளைகளிடம் சேதி சொல்லி அனுப்புவதும், அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்பதும் வேண்டாம்.

சொத்தெல்லாம் இல்லை. நாத்தனார் என் பொண்ணைப் பத்தி வந்த சம்பந்தத்துக்கிட்ட இல்லாததைச் சொல்லிக் கலைச்சுட்டாங்க.

கோர்ட்டுக்குப் போகாத துரோகம் இது, ஆனால் சின்னது இல்லை. சம்பந்தம் பேசியவர்களிடம் ஒருமுறை மட்டும், சுருக்கமாக, உண்மையைச் சொல்லிவிடுங்கள். நீளமாக விளக்கினால் "ஏதோ இருக்கு" என்றாகும். நாத்தனாரிடம் "இதைச் சொன்னது நீங்கதான்னு தெரியும்" என்று ஒரே வாக்கியம், கணவர் கூட இருக்கும்போது. அடுத்த சம்பந்தம் வரும்போது அவருக்குத் தெரியாமல் நடத்துவது பழிவாங்குவது ஆகாது. பெண்ணிடம் "உன் மேல தப்பு இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நாமே நினைத்துக்கொண்டு சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

தம்பி போன் பண்ணி அழுறான். மன்னிச்சுடணுமா?

அழுகையைப் பார்க்காதீர்கள், அழுகைக்குப் பிறகு என்ன கொண்டுவருகிறார் என்று பாருங்கள். என்ன செய்தேன் என்று முழுசாகச் சொல்கிறாரா, இல்லை "ஏதோ நடந்துபோச்சுண்ணே" என்கிறாரா? கணக்கு நோட்டைக் கொடுக்கிறாரா? ரத்துப் பத்திரத்துக்கோ திருத்தப் பத்திரத்துக்கோ தேதி குறிக்கிறாரா? இந்த மூன்றும் இருந்தால் பேச்சுக்கு இடம் இருக்கிறது. இல்லை என்றால் "உன் மேல கோபம் குறைஞ்சிருக்கு, காகிதம் சரியானதும் பேசுவோம்" என்று வைத்துவிடலாம்.

மன்னிப்பதும் மறுபடி நம்பிச் சாவி கொடுப்பதும் வேறு வேறு. முதலாவதை நீங்கள் தனியாகவே செய்யலாம், அவருக்குத் தெரியக்கூட வேண்டாம். இரண்டாவதற்கு அவர் பல வருஷம் சரியாக நடந்துகாட்ட வேண்டும். மறுபடி சேர்ந்து தொழில் செய்வதானால் வங்கிக் கணக்கு இருவர் கையெழுத்தில், கணக்கு ஒவ்வொரு சுற்று முடிந்ததும், ஸ்டோர் நோட்டின் படம் அன்றன்றைக்கு உங்கள் போனுக்கு. இதற்கு அவர் முகம் சுளித்தால் பதில் கிடைத்துவிட்டது.

மன்னிக்கவே முடியவில்லை என்றாலும் குற்றம் இல்லை. அதற்காக உங்களைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்கிறவர்கள் யாரும் தங்கள் பங்கை இழந்தவர்கள் அல்ல.

சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயிலுக்குக் குடும்பமே போவோம். அவரும் வருவார். எப்படி எதிர்கொள்றது?

வருஷத்துக்கு ஒரு நாள் திறக்கும் கோயில், குமுளியிலிருந்து ஜீப்புக்கு வரிசை, ஒதுங்கி நிற்க இடம் இருக்காது. அதனால் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே ஜீப்பில் ஏறாதீர்கள். விடியற்காலையில் முதல் வரிசையில் போய்விட்டால் பாதி சங்கடம் தீரும். எதிர்ப்பட்டால் "வாங்கண்ணே, சாமி கும்பிட்டாச்சா?" அவ்வளவுதான், நிற்காமல் நடங்கள். அவர் அங்கேயே தோட்டப் பேச்சை எடுத்தால் "வக்கீல்ட்ட பேசிக்கலாம்ணே" என்று சொல்லிவிட்டு, கூட வந்தவரிடம் தண்ணீர் பாட்டிலைக் கேளுங்கள். இந்த இரண்டு வாக்கியத்தையும் வீட்டிலேயே நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பினால், அங்கே குரல் நடுங்காது.